செட்டிநாட்டிலிருந்து ஒரு நாள் மலைநடை: ஏரி கிடையாது, சுனை உண்டு

கேட்டிருப்பது இதுதான்: பொங்கல் விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள். எட்டு வயதுப் பையன், பன்னிரண்டு வயதுப் பெண், எழுபதைத் தாண்டிய அப்பத்தா. அதிகம் மூச்சு வாங்காமல் ஒரு மலை ஏறி, மேலே ஏரி மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அப்படி ஓர் இடம் பக்கத்தில் இருக்கிறதா, அப்பத்தாவை எங்கே உட்கார வைப்பது?

இடம் இருக்கிறது. ஆனால் ஏரி என்ற எதிர்பார்ப்பை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். படகு விடுகிற அளவுக்கு மலைமேல் தண்ணீர் நம் பக்கம் எங்கும் நிற்பதில்லை. எல்லாரும் நினைக்கிற கொடைக்கானல் ஏரியே 1863இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை கட்டியதால் வந்தது. மலைமேல் தானாக உண்டான ஏரிகள் பெரும்பாலும் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் நிற்பவை. இமயமலையில் அப்படி நிறைய உண்டு. நம் மலைகளைக் குடைய இங்கே பனியாறு கிடையாது. மழையும் வெயிலும்தான் அந்த வேலையைப் பார்த்திருக்கின்றன, அதுவும் சிறிய அளவில். அதன் பலன் சுனை.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் மொட்டைக் கருங்கல். இந்தப் பாறை வெங்காயம் போல மேலிருந்து தோல் தோலாக உரியும். உரிந்த அடுக்குகளுக்கு இடையிலுள்ள விரிசலில் மழைநீர் இறங்கி, மெதுவாகக் கசிந்து, தாழ்ந்த இடத்தில் வந்து சேரும். ஒருமுறை பள்ளம் விழுந்துவிட்டால் அது தானாகவே வளரும். தேங்கிய நீரில் ஊறுகிற பாறையின் மணிகள் தளரும், அடுத்த பெருமழை அவற்றை அடித்துக்கொண்டு போகும், பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். வெறும் மழைநீரை மட்டும் பிடிக்கிற பள்ளம் பங்குனிக்குள் வற்றிவிடும். கசிவுநீர் வருகிற சுனை மட்டும் கோடையிலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் துறவியோ, கோயில் கட்டியவரோ, படைவீரரோ, மலைமேல் தங்க நினைத்த எல்லாரும் முதலில் சுனையைத் தேடினார்கள். இந்த வட்டாரத்தில் குகைத்தளமோ, பாறையைக் குடைந்து எடுத்த குடைவரைக் கோயிலோ, கோட்டையோ பார்த்தால், சுற்றுமுற்றும் தேடுங்கள், பெரும்பாலும் ஒரு சுனை அகப்படும்.

சரி, எங்கே போவது? என் பதில் நார்த்தாமலை. காலையில் அங்குள்ள மேலமலை, வெயில் ஏறியதும் சித்தன்னவாசல், இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடுமியான்மலை, கொடும்பாளூர், ஆவுடையார்கோயில் என்று ஒரே நாளில் ஏழெட்டு ஊரை வரிசை போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பின்பற்றினால் பிள்ளைகளுக்குக் கார் சீட்டின் முதுகுதான் நினைவில் நிற்கும்.

நார்த்தாமலை புதுக்கோட்டை - திருச்சி சாலையில், புதுக்கோட்டையிலிருந்து 17 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலை என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒன்பது குன்றுகளின் கூட்டம்: மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுகள் என்று ஊரில் கதை சொல்வார்கள், பையனுக்கு இந்தக் கதை போதும். அப்பத்தாவுக்கு வேறு செய்தி இருக்கிறது. கல்வெட்டுகளில் இந்த ஊர் நகரத்தார்மலை என்று வருகிறது. சோழர் காலத்தில் நகரத்தார் என்ற வணிகர் கை ஓங்கியிருந்த ஊர் இது.

ஏற வேண்டியது மேலமலை. ஊரைத் தாண்டிக் குன்றின் அடி வரை வண்டி போகும். அங்கிருந்து படிக்கட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அகலமான சாய்ந்த பாறைமேலேயே நடக்க வேண்டும். நிற்காமல் நடக்கிறவர்களுக்குக் கால் மணி, இருபது நிமிடம். பிள்ளைகளோடு போனால் அதைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் சீராகவே இருக்கும். கையை ஊன்றி ஏறுகிற இடம் எதுவும் கிடையாது. ஒரே குறை நிழல். ஓரங்களில் புதர் உண்டு, குடை பிடிக்கிற மரம் கிடையாது. அதனால்தான் ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள் என்கிறேன். அந்த நேரத்தில் பாறை சில்லென்றிருக்கும், மயில் அகவுவது நாலு பக்கமும் கேட்கும், கீழே கண்மாயில் பனிப்புகை மிச்சமிருக்கும். பத்து மணிக்கு அதே பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது.

ஏறுகிற வழியிலேயே சுனை வந்துவிடும். தலையருவிச் சிங்கம் என்று பெயர். அவசரப்படாமல் இங்கே உட்காருங்கள். தண்ணீர் விளிம்பில் தெளிவாகவும் நடுவில் கரும்பச்சையாகவும் இருக்கும். சுற்றியுள்ள பாறையில் வெவ்வேறு உயரத்தில் வெளிறிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் தண்ணீர் ஒரு காலத்தில் நின்று வற்றிய மட்டம். பொங்கல் சமயத்தில், வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்தால், மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நிற்கும். பெண்ணிடம் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். பையன் தலைப்பிரட்டையையும் நீர்மேல் ஓடுகிற பூச்சியையும் பார்த்துக்கொண்டிருப்பான், அவனைக் கிளப்புவதுதான் சிரமம்.

இந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு சிறிய குடைவரை இருக்கிறது, அதில் ஒரு லிங்கம். சுவாமிக்கு ஜுரஹரேசுவரர் என்று பெயர், காய்ச்சலைத் தீர்க்கிறவர். சாதாரணமாகக் கண்ணில் படாது. புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திர தொண்டைமான் காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டில், அவருடைய ராணி நீரை இறைக்கச் சொல்லி உள்ளே இருக்கும் லிங்கத்தை வழிபட்ட செய்தி உண்டு. எவ்வளவு தண்ணீர் இறைத்திருப்பார்கள் என்று அந்த விளிம்பில் நின்று யோசித்துப் பாருங்கள்.

சுனையில் இறங்காதீர்கள். இதை நான் பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. பாறைச் சுனைக்குக் கரை என்று ஒன்று கிடையாது. முழங்கால் ஆழம் இருக்கும் என்று காலை வைத்தால், அடுத்த அடி வழவழப்பான சரிவில் நேரே ஆழத்துக்குப் போகும். பாசி படிந்த பாறையில் பிடித்து ஏறக் கைக்கு ஒன்றும் அகப்படாது. நீச்சல் தெரிந்தவர்களே வெளியே வர முடியாமல் திணறுவது இதனால்தான். பையனைக் கையைப் பிடித்தே விளிம்புக்குக் கூட்டிப்போங்கள். செட்டிநாட்டு ஊர்களில் குடிதண்ணீர் ஊருணிக்கு ஒரு மரியாதை உண்டல்லவா, காலை நனைக்காமல் குனிந்து மொண்டு கொள்வது? அதே மரியாதையை இங்கேயும் காட்டச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். வற்றாத ஆறு ஓடாத பூமி இது. மழைநீரைத் தேக்கித்தான் ஊர்கள் பிழைத்தன. கீழே ஆட்கள் வெட்டிய ஊருணி, மேலே பாறையே ஒதுக்கிக் கொடுத்த சுனை.

சுனையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால் பாறை சட்டென்று சமதளமாகும். அங்கே விஜயாலய சோழீசுவரம் நிற்கிறது. மேற்குப் பார்த்த சன்னிதி, சுற்றிலும் சிறு சிறு பரிவாரக் கோயில்கள், அவற்றில் சில இடிந்துவிட்டன. உள்ளே ஒரு விசேஷம் இருக்கிறது. வெளிச்சுவர் சதுரம், கருவறை வட்டம். தமிழ்நாட்டுக் கற்கோயில்களில் இந்த அமைப்பு அபூர்வம். பூட்டியிருந்தால் காவலாளியைக் கேளுங்கள், பக்கத்தில் இருந்தால் திறந்து காட்டுவார். பெயரில் சோழன் இருந்தாலும், இதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் என்றும், மழை இடித்துச் சிதைந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் வாசலில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடி முழங்க ஆரம்பித்தால் அந்த மொட்டைப் பாறையில் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். தை மாதத்தில் அந்தப் பயம் இல்லை.

கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈசுவரம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சாத்தன் பழியிலி என்பவர் குடைவித்தது. அவர் மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு முன்மண்டபம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்தது பெரியது, ஊரார் அதைச் சமணர் குடகு என்பார்கள். உள்ளே போனால் சமணம் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டி ஏறக்குறைய ஆள் உயரத்துக்குப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும். ஒரே மாதிரி பன்னிரண்டு பேர். இந்தக் குடைவரைகள் கிழக்குப் பார்த்தவை என்பதால் காலை வெயில் உள்ளே சாய்ந்து விழும், அந்த வெளிச்சத்தில் மூக்கும் விரலும் உயிரோடு எழுந்து வரும். மதியம் போனால் எல்லாம் தட்டையாக இருக்கும். முன்னால் உள்ள மேடையின் அடிவரிசையில் யானையும் யாளியும் ஓடுவதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

காலை உணவை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். கோயிலை ஒட்டி வேண்டாம், கொஞ்சம் தள்ளி. புளிச்சாதம், தயிர்சாதம், மாவடு போதும். வீட்டில் பொங்கலுக்குச் சுட்ட தேன்குழலும் சீடையும் இருக்கும்தானே, அதையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு வந்து பறிக்கும், முதுகுப் பைக்குள் வையுங்கள். மேலே கடை கிடையாது, குழாய் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் அடிவாரத்திலிருந்தே போக வேண்டும். சுனைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். காலுக்குப் பிடிமானமுள்ள ரப்பர் அடி வைத்த செருப்போ ஷூவோ. தேய்ந்த ஹவாய் செருப்போடு பாறையில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. முந்தின இரவு தூறியிருந்தால் ஒரு மணி நேரம் பொறுத்து, பாறை காய்ந்த பிறகு ஏறுங்கள்.

ஒன்பதரைக்குள் இறங்கிவிட்டால் அடுத்தது சித்தன்னவாசல், அன்னவாசல் பக்கம். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் டிக்கெட் கொடுத்து உள்ளே விட ஒன்பது மணிக்கு மேல் ஆகும். நார்த்தாமலையை முதலில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே எல்லாரும் நேரே ஓவியத்தைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஏழடிப்பாட்டம் என்ற குகைக்கு ஏறுங்கள். கிழக்கு அடிவாரத்திலிருந்து ஏறி, முகட்டைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் பாறையில் வெட்டிய படிகளின் வழியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் முகட்டிலேயே நின்றுவிடலாம். குகை மலையின் மேற்குப் பக்கம் இருப்பதால் மதியம் வரை நிழலாக இருக்கும். உள்ளே சமணத் துறவிகள் படுத்த 17 கற்படுக்கைகள். தலைப்பக்கம் தலையணை போலக் கொஞ்சம் மேடு விட்டு வழவழவென்று செதுக்கியவை. இருப்பதில் பெரிய படுக்கையை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்து: குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபொசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், ஊர்ப் பெயர், எல்லாம் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பதைப் போலத் தெளிவாக.

இந்த மலையிலும் ஒரு சுனை இருக்கிறது, நாவச்சுனை. அளவில் சின்னது. இதிலும் நீருக்குள் மூழ்கிய ஒரு குகைக்கோயிலும் லிங்கமும் உண்டு. வழி அவ்வளவு தெளிவாக இருக்காது, புதர் மண்டியிருக்கும். காவலாளியைக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் போங்கள். தலையருவிச் சிங்கத்தைப் பார்த்துவிட்ட பிறகு இதைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

அப்புறம் அந்த ஓவியம் இருக்கிற சமணக் குடைவரை, அறிவர் கோயில். நாள் முழுக்கத் தண்ணீரைத் தேடி நடந்தவர்களுக்கு இது பொருத்தமான இடம், ஏனென்றால் இங்கே கூரையில் இருப்பதே ஒரு தாமரைக் குளம். முன்மண்டபத்துக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். மொட்டும் மலருமாகத் தாமரை, இலைகளுக்கு இடையே மீன், வாத்து, எருமை, யானை, தண்ணீரில் நின்று பூப்பறிக்கிற மனிதர்கள். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. முதலில் மங்கலாகத்தான் தெரியும், கண் இருட்டுக்குப் பழக ஓரிரு நிமிடம் ஆகும். கைப்பேசியின் டார்ச்சை அடிக்காமல் பொறுமையாக நில்லுங்கள், எருமையின் கொம்பு மெதுவாகப் பிடிபடும். உள்ளறையில் யாரும் இல்லாத நேரம் கிடைத்தால் 'ம்' என்று தாழ்ந்த குரலில் ஒரே சுருதியில் இழுத்துப் பாருங்கள், அறையே திருப்பி முனகும்.

கீழே பூங்காவும் படகுக் குளமும் வைத்திருக்கிறார்கள். கோயில்களுக்கு நடுவே இது வேடிக்கைதான், ஆனாலும் இரண்டு மலை ஏறிய பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம்.

பிரான்மலையை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். சிங்கம்புணரிப் பக்கத்து மலை, பாரியின் பறம்பு இதுதான் என்பது வழக்கு. பறம்பின் சுனைகள் வானத்து மீன்கள் போல நிறைந்தவை என்று கபிலரே பாடியிருக்கிறார், சுனை தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சிபாரிசு கிடையாது. திருஞானசம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் அடிவாரத்தில் இருக்கிறது, உச்சியில் ஒரு தர்காவும் உண்டு. ஆனால் உச்சிக்கு ஏறுவது செங்குத்தான, பெரியவர்களுக்கே முட்டி பேசுகிற ஏற்றம். எட்டு வயதுப் பையனோடு எளிய நடை என்று அதைச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களால் அந்தச் சாலை நிறைந்திருக்கும். காவடிக்கு வழிவிட்டு வண்டி ஊர்ந்துதான் போகும். உங்கள் விடுமுறை அதோடு மோதுகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

அப்பத்தா விஷயம். மேலமலையில் சுனை வரை அவர் வரலாம், கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் ஊன்ற ஒரு தடியும் இருந்தால். முட்டிவலி இருந்தால் ஏற்ற வேண்டாம். நார்த்தாமலை ஊரிலேயே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. பங்குனித் திருவிழாவுக்கு மாவட்டமே திரள்கிற சன்னிதி, தையில் கூட்டம் இருக்காது. நீங்கள் மலையில் இருக்கிற இரண்டு மணி நேரம் அவர் அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். கூட ஒருவர் இருக்கட்டும். சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டத்தை விட்டுவிட்டு அறிவர் கோயிலுக்கு மட்டும் அவரை அழைத்துப் போகலாம், அங்கே ஏற வேண்டியது கொஞ்சம்தான்.

திரும்பும்போது புதுக்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு, தெம்பு மிச்சமிருந்தால் திருமயத்தில் நிறுத்துங்கள், வழியில்தான் இருக்கிறது. 1687இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. பாறையின் சரிவில் இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்கிற சிவன் குடைவரை ஒன்று உண்டு, பையனுக்கு அந்த ஏணிதான் அன்றைய உச்சம். உச்சியில் பீரங்கி, பாறை இடுக்கில் சுனை. அப்பத்தா கீழே சத்தியமூர்த்திப் பெருமாளைச் சேவிக்கலாம். கோட்டையை மாலையில் பூட்டிவிடுவார்கள், நாலரைக்குள் உள்ளே இருந்தால்தான் நிதானமாகப் பார்க்க முடியும். அதற்கு மேல் ஆகிவிட்டால் நிறுத்தாமல் வீட்டுக்குப் போங்கள், திருமயம் உங்கள் ஊருக்குப் பக்கம், இன்னொரு சாயங்காலம் வரலாம்.

கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. அங்கிருந்து திருச்சி போகும் பேருந்தில் நார்த்தாமலை விலக்கில் இறங்கி ஊருக்குள் ஆட்டோ பிடிக்கலாம். எல்லாப் பேருந்தும் விலக்கில் நிற்காது, ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்தன்னவாசலுக்குப் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் பேருந்து. இரண்டையும் பேருந்திலேயே முடிக்க நினைத்தால் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். புதுக்கோட்டையில் இறங்கி நாள் வாடகைக்கு ஒரு ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.